அப்பாவின் மடியில் மூன்று குழாய்கள்

நரம்பு டாக்டர் மீது அப்பாவுக்கு இருந்த முதல் புகார், அவர் ரத்தம் எடுக்கவில்லை என்பது. இரண்டாவது புகார், ஸ்கேன் படமும் எடுக்கவில்லை என்பது. போர்ட் பிளேயரில் அப்போது நரம்பு டாக்டர் நினைத்த நேரத்தில் கிடைக்கமாட்டார். மெயின்லேண்டிலிருந்து யாராவது வருகிற நாளில் பெயர் கொடுத்துவிட்டுக் காலையிலிருந்து காத்திருக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து உள்ளே போன அப்பாவை டாக்டர் வராந்தாவில் நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தட்டச் சொன்னார், மணிக்கட்டைப் பிடித்துக் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு பார்க்கின்சன் என்று சீட்டில் எழுதி, வேளைக்கு அரை மாத்திரை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

“நடந்து காட்டுனேன், நோய்னு எழுதிட்டாரு,” என்றார் அப்பா, வெளியே வந்ததும். “பால்ல மானிய போடாம இதுல இவ்வளவு ரப்பர் இருக்குன்னு எவனாச்சும் எழுதுவானா?”

மானி என்று அவர் சொன்னது, ரப்பர் பாலில் மிதக்கவிட்டு அதன் கெட்டியைப் பார்க்கும் கண்ணாடிக் கருவியை. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களோடு பையனாகக் கப்பலேறி வந்து, கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் ஆளாகி, சுனாமி வரைக்கும் அங்கேயே பால் வெட்டியவர் அவர். அளந்து காட்டாத எதையும் நம்பமாட்டார். அம்மா காய்ச்சலென்று படுத்தால்கூடத் தெர்மாமீட்டரைப் பார்த்த பிறகுதான் பாவப்படுவார்.

சுனாமிக்குப் பிறகு நாங்கள் போர்ட் பிளேயருக்கு வந்து, சில மாதம் கேம்ப்பில் இருந்துவிட்டு, டாலிகஞ்சில் ஒரு தகரக் கூரை வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பாவுக்கு ஒரு நாற்றுப் பண்ணையில் காவல் வேலை கிடைத்தது. அங்கே போன அடுத்த வருடம் வலது கை ஆடத் தொடங்கியது. கை வேலையில் இருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் கட்டை விரல் எதையோ உருட்டுவதுபோல் ஓயாமல் அசையும். பக்கத்தில் இருந்தவர்கள் அதற்குச் சுனாமி நடுக்கம் என்று பெயர் வைத்தார்கள். யாரும் கேலியாகச் சொல்லவில்லை. குக்கர் விசில் அடித்தாலே எழுந்து ஓடுகிறவர்கள் எங்கள் வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். அவரவருக்கு ஒவ்வொரு விதமாகப் பயம் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு அது கையில் ஒட்டிக்கொண்டது என்று எல்லோரும் நம்பினார்கள். எல்லோரையும்விட அதிகமாக அப்பா நம்பினார்.

அதற்குக் காரணம் இருந்தது. அது என்னவென்று எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. மழையில் வீணான நாட்களை ஈடுகட்ட அப்பா விடியும் முன்பே மேட்டுக்குப் பால் வெட்டப் போயிருந்தார். நானும் அம்மாவும் கீழ் லயத்தில், வரிசையாக இருந்த தோட்ட வீடுகளில் எங்களுடையதில், இருந்தோம். பூமி ஆடியது. ஆட்டம் நின்று எல்லோரும் வாசலுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தபோது, கடல் உள்ளே போகிறது என்று யாரோ கத்தினார்கள். அம்மா என் கையைப் பிடித்து மேட்டை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. மேலே போனபோது அப்பா ஒரு ரப்பர் மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்தார். பூமி அடங்கி வெகுநேரம் ஆகியிருந்தது. அம்மா அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் மரத்திலிருந்து எடுத்தாள். கீழே எங்கள் வரிசை வீடுகள் அத்தனையும் போய்விட்டன.

இதைப் பற்றி அப்பா ஒரே ஒரு முறை பேசினார், டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று. “நீங்க ரெண்டு பேருந்தான் என்னயத் தேடி மேல வந்தீங்க. நான் எறங்கி வரல. அன்னிக்கிப் புடிச்ச நடுக்கம் இது. இதுக்கு மாத்திர எதுக்கு?” என்றார். அம்மா எதிரே நின்றால் மாத்திரையைப் போடுவார், அவள் கடைக்குப் போயிருந்தால் மாட்டார். மெதுவாக நடையும் சுருங்கியது. சட்டைப் பொத்தான் போட அம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. கூப்பிடும்போது முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார்.

எனக்கு அப்போது சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை. உடம்பில் உள்ள செல்கள் தங்கள் தோலிலிருந்தே கிள்ளிக் கிள்ளிச் சின்னப் பைகள் கட்டி வெளியே விடுகின்றன. சாதாரண மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவுக்குச் சின்னவை. ஒரு காலத்தில் தூசு என்று நினைத்து ஒதுக்கியவற்றில், அந்தந்தச் செல்லின் உள்ளே நடப்பதன் ஒரு துளி இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. மூளையின் செல்களும் இப்படிப் பைகள் விடுகின்றன. அவற்றில் கொஞ்சம் எப்படியோ ரத்தத்துக்கு வந்து சேர்கின்றன. அவற்றைப் பிடித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிந்தால், மண்டையைத் திறக்காமலே மூளையின் நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம் என்பது ஆய்வை நடத்தும் எங்கள் மேடத்தின் நம்பிக்கை. நம்பிக்கைதான்; முடிவு இல்லை. நான் குழாய்களுக்கு எண் ஒட்டி, ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்து, உறையவைத்து அடுக்குகிறவள்.

லீவில் போயிருந்தபோது இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

“மண்டைக்குள்ள பயம் இருந்தா, அந்தப் பைக்குள்ளயும் பயம் இருக்குமா?”

“பயத்தயெல்லாம் புடிக்க முடியாதுப்பா. நோய் இருந்தா, அதோட புரதம் இருக்கலாம். அதத்தான் தேடுறோம்.”

“அப்ப நோய் இல்லாட்டி இருக்காது. என்னோடத எடுத்துப் பாரு.”

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். நோயா, கோழைத்தனமா. இரண்டில் ஒன்றை யாராவது அளந்து சொல்ல வேண்டும்.

சென்னைக்கு வாருங்கள் என்றால் வரமாட்டார். கடலைத் தாண்டவே மாட்டேன், ஆகாயத்தில் போனாலும் கீழே அதுதானே இருக்கிறது என்பார். அப்போதுதான் மேடத்துக்கும் ஒரு சந்தேகம் வந்தது: தூரத்து ஊர்களில் எடுத்த ரத்தம் எங்களிடம் வந்து சேரும்வரை கெடாமல் இருக்குமா? அப்பாவின் ரத்தத்தை ஒரு தடவை கொண்டுவந்து பார்க்கிறேன் என்று நான்தான் கேட்டேன். மேடம் சம்மதித்தார், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்: இது ஆராய்ச்சி, ரிப்போர்ட் இல்லை, இதை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடாது. அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது இதை நான் அப்பாவிடமும் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்டுவிட்டேன். ஒப்புதல் தாளில் அவர் ஆடும் கையால் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டார். எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. கூடவே இருந்த, நோயின் அறிகுறிகளைக் கேட்கும் கேள்வித் தாளை, விமானத்தில் வரும்போதே நானே நிரப்பிவிட்டிருந்தேன். என் அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாததா என்ற திமிர்.

ரத்தம் எடுக்கக் காலையில் பக்கத்து லேப்புக்குப் போனோம். அங்கே இருந்த பெங்காலிப் பெண், எல்லோருக்கும் தீதி, அதாவது அக்கா, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “பாபா, ஹாத் மத் ஹிலாவோ,” என்றாள். கையை ஆட்டாதீர்கள் என்று.

“அதத்தான் நானும் இதுக்கிட்ட பத்து வருசமா சொல்லிக்கிட்டிருக்கேன்,” என்று அப்பா தமிழில் சொல்ல, நான் இந்தியில் சொல்ல, தீதி சிரித்தபடியே ஊசியைச் சரியாக இறக்கிவிட்டாள். உறையாமலிருக்க மருந்து சேர்த்த குழாய்கள் மூன்று. ரப்பர் பால் வாளியில் அமோனியா ஊற்றுவதுபோல என்று அப்பாவே சொல்லிக்கொண்டார்.

நான் அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இரண்டு விஷயம். ஐஸில் வைக்கக்கூடாது, குலுக்கக்கூடாது. ரத்தத்தில் தட்டணுக்கள் என்று இருக்கின்றன, காயம் பட்டால் ஓடிவந்து அடைப்பவை. அவை தொட்டாற்சிணுங்கி. கொஞ்சம் குளிர்ந்தாலும் குலுங்கினாலும் காயம் பட்டுவிட்டது என்று நினைத்துத் தங்கள் பங்குக்குப் பைகளை அவிழ்த்துவிடும். அப்புறம் மூளையிலிருந்து வந்த நாலைந்து பைகளை அந்தக் கூட்டத்தில் தேட முடியாது. ஆட்டோவில் குழாய்கள் இருந்த பெட்டியை நான் காற்றில் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன். குழிக்குக் குழி அப்பா டிரைவரிடம், “பையா, தீரே, தீரே,” என்று மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏர்போர்ட்டில் மழை. விமானம் தாமதம். ரத்தத்தை உள்ளே கொண்டுபோகக் கடிதம் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. முதலில் கடிதத்தோடு வாருங்கள், பெட்டியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். எதிரே, எங்களுக்குப் பழக்கமான பாயின் டீக்கடை இருந்தது. பெட்டியை அங்கே மேஜை மேல் வைத்து, அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, பார்த்துக்குங்க என்று சொல்லிவிட்டுப் போனேன். இந்தக் கவுண்டர், அந்தக் கவுண்டர், பெரியவரைக் கேளுங்கள், அவர் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெட்டி மேஜை மேல் திறந்து கிடந்தது. மூன்று குழாய்களும் அப்பாவின் மடியில், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இருந்தன. அவர் குனிந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கை ஆடிக்கொண்டிருந்தது. ரத்தம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கண்ணாடியில் ஏறி இறங்கியது.

“மேச ஆடுது பாப்பா,” என்றார். “உள்ள ஒண்ணோட ஒண்ணு முட்டுற சத்தம் கேட்டிச்சி. அதான் கையிலயே வெச்சிருக்கேன்.”

எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது ஊரறிந்த விஷயம். அந்த நேரத்தில் வாயைக் கட்ட எனக்குத் தெரியவில்லை.

“மேசயவிட உங்க கைதாம்ப்பா ஆடுது. ஒரு மணி நேரமா போட்டுக் குலுக்கியிருக்கீங்க.”

அவர் தன் கையைப் பார்த்தார். யாரோ அப்போதுதான் கொண்டுவந்து அவர் மடியில் வைத்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“ஆமால்ல,” என்றார் மெதுவாக. “மறந்தே போயிட்டேன்.”

பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “விடும்மா. டீயக்கூடத் தொடாம அப்படியே புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு,” என்றார். மேஜையில் டீ ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. நான் குழாய்களை வாங்கித் தாங்கியில் செருகிப் பெட்டியை மூடினேன். போய்ட்டு வர்றேன் என்று மட்டும் சொன்னேன். அப்பா கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

சென்னையில் இறங்கியதும் நேராக ஆய்வுக்கூடம் போய் ரத்தத்தைச் சுழற்றித் தெளிவைப் பிரித்தேன். சில நாள் கழித்துத் துகள் எண்ணும் கருவியில் வைத்தோம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், மழைக்கால ஈசல்போல. நாங்கள் வழக்கமாகப் பார்ப்பதைவிட எத்தனையோ மடங்கு. அப்பாவின் மூளை இத்தனை சொல்லியிருக்கிறதே என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன். அடுத்த சோதனையில் அவற்றின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது. எல்லாம் தட்டணுக்கள் விட்டவை. மூளைக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

“நன்றாகக் குலுங்கியிருக்கிறது,” என்றார் மேடம். திட்டவில்லை. வழியில் என்ன நடந்தது என்று கேட்டார், சொன்னேன். பிறகு அந்த ரத்த மாதிரியை ஆய்விலிருந்து நீக்கிவிடச் சொன்னார்.

தினமும் சாயந்திரம் அப்பாவிடமிருந்து போன் வரும். “ரத்தம் என்னா சொல்லிச்சி?” மெஷின் ரிப்பேர் என்றேன். ஆள் லீவு என்றேன். அவர் விமான நிலையத்து விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் மட்டும், “நான் ஆட்டுனதுல ஒண்ணும் ஆயிடலயே?” என்று கேட்டார். இல்லப்பா என்றேன். இனிமேல் பொய்யை முழுசாகவே சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். பைக்குள் புரதம் இருந்தது, நோய்தான், மாத்திரையைப் போடுங்கள். அதைச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம்? வாக்கியத்தைக்கூட மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்தேன்.

நீக்கிய மாதிரியின் தாள்களைக் கட்டிவைக்கும்போது மேடம் கேள்வித் தாளைப் புரட்டினார். ஓரிடத்தில் நின்றார்.

“வாசனை தெரிவதில் மாற்றமில்லை என்று எழுதியிருக்கிறாய். இந்த நோயில் கை ஆடுவதற்குப் பல வருடம் முன்பே நிறையப் பேருக்கு மூக்கு போய்விடும். இதை அவரிடம் கேட்டாயா?”

கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கவில்லை. அன்று சாயந்திரம் நானே போன் செய்தேன். அம்மா எடுத்தாள்.

“அம்மா, அப்பாவுக்கு வாசனயெல்லாம் தெரியுதா?”

“ஏன்டி, அதுக்கும் அங்க மெஷின் இருக்கா? குழம்பு அடி புடிச்சாக்கூட நான்தான் ஓடணும். பக்கத்துலயே உக்காந்திருப்பாரு.”

“எப்பலேர்ந்து?”

“எப்பலேர்ந்துன்னா? ஒனக்கே தெரியுமே. ஒட்டுப்பால் மூட்டைக்காக அடி வாங்குனியே, மறந்திருச்சா?”

மரப் பட்டையிலும் கோப்பையிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கும் ரப்பரை உரித்தெடுப்பதுதான் ஒட்டுப்பால். மழையில் ஊறி நாள்பட்டால் செத்த எலி நாற்றம் நாறும். நான் எட்டாவது படித்தபோது அப்பா அந்த மூட்டையை வீட்டுக்குள் அடுப்பங்கரை மூலையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிடுவார். சிநேகிதிகள் வீட்டுக்கு வர மறுத்ததால் ஒரு நாள் கோபத்தில் மூட்டையை இழுத்துப்போய் மழையில் வீசினேன். நாத்தமே இல்லாததுக்கு இந்த ஆட்டமா என்று முதுகில் ஒன்று வைத்தார். அவர் வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறார் என்றுதான் நான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

“தெனம் அதுலயே பொழங்குனதால பழகிருச்சோ என்னமோம்மா,” என்றேன்.

“என்னாத்த பழகுறது? கல்யாணமான புதுசுல அந்த நாத்தத்துக்கு எலுமிச்சம்பழத்தப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் சோத்துல கை வைப்பாரு. அப்புறந்தான் இப்பிடி ஆனாரு.”

“அது கீழ் லயத்துலதானேம்மா?”

“பின்ன? அந்த வீடுதான் போயிருச்சே.”

அந்த அடுப்பங்கரையும் அந்த மூலையும் அலையில் போய்விட்டன. அப்படியானால் அங்கே நடந்தது எல்லாம் அலைக்கு முந்தியது. தேதி போட்ட சீட்டு எதுவும் எங்களுக்குத் தேவையில்லை.

“அப்பாகிட்ட குடும்மா.”

அப்பா வந்ததும் வழக்கமான கேள்வியைக் கேட்டார். தயார்செய்த வாக்கியம் எனக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். ரத்தம் கெட்டுவிட்டது. குலுங்கியதால்தான். உங்கள் மேல் தப்பில்லை, அங்கே விட்டுவிட்டுப் போனது நான், உங்களிடம் அப்படிப் பேசியதும் நான், என்னை மன்னித்துவிடுங்கள். அவர் ம் என்றார். அந்த ம்மில் அவருடைய நம்பிக்கை இறங்குவது கேட்டது. அவர் போனை வைப்பதற்குள், ஒட்டுப்பால் மூட்டையைப் பற்றிச் சொன்னேன். இது மெஷின் சொன்னதில்லை, ஒரு அடையாளம்தான் என்பதையும் சொன்னேன். முதலில் மூக்கு போகும், பல வருடம் கழித்துத்தான் கை ஆடும், உங்கள் மூக்கு கட்சாலிலேயே போய்விட்டது, பூமி ஆடுவதற்கு முன்பே இது உங்களுக்குள் தொடங்கியிருக்கும்.

எதிர்முனையில் தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும் வந்தது.

“மூட்ட நாறிச்சா உண்மையிலயே?” என்றார்.

“நாறிச்சிப்பா.”

“ஒன்னய அடிச்சேனே.”

“பரவால்லப்பா.”

“அப்ப அன்னிக்கி மரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னேனே, அது?”

“அது பயம்தாம்ப்பா. பூமியே ஆடுனா யாருதான் பயப்பட மாட்டாங்க? கையில இருக்கறது அது இல்ல. அது அன்னிக்கே முடிஞ்சிருச்சி.”

“முடிஞ்சிருச்சா?”

“அம்மா வெரலப் பிரிச்சி எடுத்தாங்களே, அப்பவே.”

அவர் அழுதாரா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதேன். பிறகு போனை அவர் எங்கேயோ வைக்கிற சத்தமும், அம்மாவிடம் எதையோ கேட்கிற சத்தமும் வந்தன. அம்மாவின் குரல் தூரத்தில் கேட்டது: “இங்க குடுங்க, நான் எடுத்துத் தர்றேன்.”

“வேணாம். நானே எடுத்துக்கறேன்.”

மாத்திரை அட்டையின் தாள் நெரியும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. அவருடைய கைக்கு அது கஷ்டமான வேலை. நான் போனை வைக்காமல் காத்திருந்தேன்.